லிவர்பூல் ஓரியல் சேம்பர்ஸ் (1864): பத்திரிகை திட்டியதால்தான் பீட்டர் எல்லிஸ் ஓய்ந்து போனாரா?

பனிமூட்டம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. கட்டடப் பிரிவில் எனக்கு இது முதல் இழை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருஷமாக லிவர்பூலில் இருக்கிறேன். வேலை முடிந்து ஆற்றங்கரைக்கு நடக்கும்போது வாட்டர் ஸ்ட்ரீட் வழியாகத்தான் இறங்குவேன். டவுன் ஹாலில் தொடங்கி மெர்சி ஆற்றை நோக்கிச் சரியும் தெரு. இரண்டு பக்கமும் வங்கி, இன்சூரன்ஸ், கப்பல் கம்பெனிகளின் கல் மாளிகைகள். நம் ஊர்ப் பழைய பேங்க் கட்டடங்களைப் போல "உன் பணம் என்னிடம் பத்திரம்" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு நடுவில், கோவென்ட் கார்டன் என்ற சந்து திரும்பும் முனையில் (லண்டன் கோவென்ட் கார்டன் இல்லை, பேர் மட்டும் அதே) ஒரு கட்டடம் முழுக்கக் கண்ணாடியாக நிற்கிறது. வரிசை வரிசையாகச் சன்னல்கள் சுவரை விட்டு வெளியே பிதுங்கியிருக்கின்றன. முதல் தடவை பார்த்தபோது 1960களில் கட்டியதாக இருக்கும், யாரோ விளையாட்டுக்குக் கோதிக் கொம்புகளை ஒட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அது 1864இல் கட்டியது. பேர் ஓரியல் சேம்பர்ஸ். வாடகைக்கு விடுவதற்காகவே எழுப்பிய அலுவலகக் கட்டடம். உள்ளே இரும்புச் சட்டகம், வெளியே கண்ணாடி. கட்டியவர் பீட்டர் எல்லிஸ் என்ற உள்ளூர்க்காரர்.

கதை இனிமேல்தான். 1866 ஜனவரியில் லண்டனின் "தி பில்டர்" பத்திரிகை இதைக் கிழிகிழி என்று கிழித்தது. தெருவில் பிதுங்கி நிற்கும் கண்ணாடிக் குமிழிகளின் கூட்டம், ஊரில் உள்ள சாதாரணச் செங்கல் கிடங்குகூட இதைவிட மேல் என்கிற தொனியில். எல்லிஸ் அதே சமயத்தில் பக்கத்தில் குக் ஸ்ட்ரீட் 16ஆம் எண்ணில் இன்னொரு கண்ணாடிக் கட்டடம் கட்டினார். அதோடு சரி. அதற்குப்பின் கட்டடக் கலைஞராக அவர் பேர் பெரிதாக அடிபடவில்லை. இருபது வருஷம் கழித்து சிகாகோவில் இதே முறையில் வானளாவிகள் எழுந்தபோது உலகம் கைதட்டியது. இங்கே ஒருத்தர் அவமானத்தில் வாய்மூடிக் கிடந்து 1884இல் செத்துப் போனார்.

இதைப் படித்ததிலிருந்து அந்த முனையைத் தாண்டும்போதெல்லாம் மனசு என்னமோ செய்கிறது.

வாசகி

அழகான அறிமுகம். ஒரு அடிப்படைக் கேள்வி, சிரிக்காதீர்கள். ஓரியல் என்றால் என்ன? ஆள் பேரா, ஊர்ப் பேரா?

கொத்தனார்மகன்

ஆள் பேரு இல்லீங்க. சன்னல் பேரு. சுவரைவிட்டு வெளிய தள்ளி நிக்கும், ஆனா தரையத் தொடாது. கீழ கல்லோ இரும்போ கொடுங்கை மாதிரி தாங்கும். தரையில இருந்தே எழும்பி வந்தா அது வேற, அதை பே விண்டோனு சொல்லுவாங்க. பழைய கோட்டை, கல்லூரிகள்ல ஒண்ணு ரெண்டு ஓரியல் இருக்கும், அழகுக்கு. எல்லிஸ் என்ன பண்ணினார்னா அந்த ஒரு சன்னலையே அச்சா வச்சுக்கிட்டு மாடி மாடியா, வரிசை வரிசையா அடிச்சுட்டார். அலங்காரமா இருந்ததை வேலைக்காரனா மாத்திட்டார்.

ஏன் வெளிய தள்ளணும்? இதுலதான் விஷயம் இருக்கு. குறுகலான சந்துல சாதாரண சன்னலுக்குப் பின்னாடி உக்காந்து பாருங்க. கண்ணுக்கு எதிர்ல எதிர்வீட்டு சுவர்தான். வானம் தெரியாது. சன்னலை வெளிய தள்ளி மூணு பக்கமும் கண்ணாடி போட்டா பக்கவாட்டுல சந்து நெடுக வெளிச்சம் வரும். தலைப்பக்கத்தையும் சரிவா கண்ணாடி ஆக்கினா மேலேர்ந்தும் விழும். ஓரியல் சேம்பர்ஸ்ல அதையும் பண்ணியிருக்கார்.

இன்னொன்னு. தெருவுக்கு மேல கொஞ்சம் இடமும் சேர்த்துக் கிடைக்குது. நம்ம ஊர்ல பால்கனிய நீட்டி, அப்புறம் கிரில் போட்டு, அப்புறம் ரூமாக்குறோமே, அந்தக் கணக்குதான். :)

வக்கீல்குமாஸ்தா

பனிமூட்டம் எழுதியது: "ஒருத்தர் அவமானத்தில் வாய்மூடிக் கிடந்து"

இதை எங்கே படித்தீர்கள்? இணையத்தில் நூறு இடத்தில் இருக்கும், தெரியும். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

எல்லிஸ் பிறந்தது 1805. திட்டு விழுந்தது 1866 ஜனவரி. அன்றைக்கு அவருக்கு அறுபது வயது. முளையிலேயே கிள்ளப்பட்ட இளைஞன் இல்லை. அந்தக் காலத்தில் அறுபது என்பது பேரனை மடியில் வைக்கிற வயது.

அதே 1866இல் அவர் ஒரு காப்புரிமை வாங்குகிறார், நிற்காமல் சுற்றும் லிஃப்டுக்கு. 1868இல் அந்த லிஃப்டை மாட்டிய இடம் எது? இதே ஓரியல் சேம்பர்ஸ். ஊரே சிரித்த கட்டடம், அதனால் நொந்து போன மனிதர் என்றால், இரண்டு வருஷம் கழித்து அதே கட்டடத்தில் அதே ஆளை யார் உள்ளே விடுவார்கள்? தன் புதுக் கண்டுபிடிப்பை முதன்முதலில் காட்ட அவரேதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பாரா?

பின்னாளில் அவர் தொழிலைக் குறிப்பிடும் இடத்தில் சிவில் இன்ஜினியர் என்று வருகிறது. வாய்மூடவில்லை, பலகையை மாற்றிக்கொண்டார்.

பனிமூட்டம்

அந்த லிஃப்ட் விஷயம் தெரியும், ஆனால் தேதியோடு சேர்த்து யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1866க்குப் பிறகு அவர் பேரில் பெரிய கட்டடம் ஏன் இல்லை? அது உறுத்துகிறதே.

வக்கீல்குமாஸ்தா

அறுபதுக்கு மேல் ஒருவர் பெரிய கட்டடம் கட்டாததற்கு ஒரு விமரிசனம்தான் காரணமாக வேண்டுமா? மூட்டுவலியாகக்கூட இருக்கலாம். மேதையைச் சமூகம் கொன்றது என்ற அச்சு தயாராக இருக்கிறது, கிடைத்தவரை அதில் ஊற்றிவிடுகிறோம்.

வாசகி

நிற்காமல் சுற்றும் லிஃப்டா? அது எப்படி ஏறுவது?

கொத்தனார்மகன்

பேட்டர்நாஸ்டர்னு பேரு. பொருட்காட்சி ராட்டினம் தெரியும்ல? அதைக் கட்டடத்துக்குள்ள செங்குத்தா நீட்டி வச்ச மாதிரி. கதவில்லாத பெட்டிகள், ஒண்ணோ ரெண்டோ பேர் நிக்கலாம். ஒரு பக்கம் மேல போய்க்கிட்டே இருக்கும், பக்கத்துல இன்னொரு வரிசை கீழ வந்துக்கிட்டே இருக்கும். எல்லாம் ஒரே சங்கிலி. மெதுவாத்தான் போகும். பெட்டி தரைமட்டத்துக்கு வர்றப்போ கால எடுத்து வச்சுடணும், இறங்கறப்பவும் அப்படித்தான். ஓடுற பஸ்ல ஏறிப் பழகினவங்களுக்குப் பிரச்சினை இல்ல.

பேரு ஜெபமாலையில இருந்து வந்தது. லத்தீன்ல "பரமண்டலத்திலிருக்கிற எங்கள் பிதாவே" ஜெபத்தோட முதல் ரெண்டு வார்த்தை. மணி மணியா சுத்தி வருதுல்ல. ஏறும்போது ஜெபம் பண்ணணும்கிறதாலயும் இருக்கலாம்.

இங்கிலாந்துல ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தோட ஆர்ட்ஸ் டவர்ல பெரிசா ஒண்ணு இருக்கு. நான் வேலை விஷயமா போனப்ப ஏறினேன். மேல் தளத்துல இறங்காம விட்டா என்ன ஆகும்னு பயந்துக்கிட்டே நின்னேன். ஒண்ணும் ஆகாது, இருட்டுல பக்கவாட்டா நகர்ந்து அடுத்த பக்கம் கீழ இறங்கும். தலைகீழா கவுக்காது.

தூத்துக்குடிக்காரன்

தாமதமாக வருகிறேன். 1864 என்ற வருஷத்தை யாரும் கவனிக்காதது ஆச்சரியம். அது அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம் (1861-65). பிரிட்டன் மில்களுக்குப் போன பஞ்சில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்கத் தெற்கு மாகாணங்களிலிருந்து, அடிமைகள் பறித்த பஞ்சு. அது இறங்கிய துறைமுகம் லிவர்பூல். வடக்கு மாகாணங்களின் கப்பற்படை தெற்குத் துறைமுகங்களை மறித்ததும் வரத்து நின்றது. லங்காஷயரில் மில் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள்.

பஞ்சு வாங்கி விற்ற தரகர்கள் பட்டினி கிடந்தார்களா என்றால் அதுதான் இல்லை. விலை ஏற ஏற ஊகவணிகம் கொழித்தது. கையில் சரக்கு வைத்திருந்தவன் ஒரே இரவில் பணக்காரன். லிவர்பூல் வணிகர்களில் பலர் தெற்குக் கூட்டமைப்பின் பக்கம். அவர்களுக்காகவே அலபாமா என்ற போர்க்கப்பலை ஆற்றின் அக்கரையில் பர்க்கன்ஹெட்டில் கட்டிக் கொடுத்தார்கள். போரே முடிந்தபின் 1865 நவம்பரில் தெற்கின் கடைசிப் போர்க்கப்பல் ஷெனன்டோவா வந்து சரணடைந்ததும் இதே லிவர்பூலில்தான்.

ஊரில் ஒரு பக்கம் பஞ்சம், இன்னொரு பக்கம் கையில் காசோடு அலுவலகத்துக்கு அறை தேடி அலையும் தரகர்கள். வாடகைக்கென்றே ஒரு கட்டடம் எழுந்ததை அந்தப் பின்னணியில் பாருங்கள்.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு நூல் உண்டு. அமெரிக்கப் பஞ்சு நின்றதும் இந்தியப் பஞ்சுக்கு விலை கூடியது. லிவர்பூல் சந்தையில் "டின்னவெல்லி" (திருநெல்வேலிதான்) என்றே ஒரு ரகம் பேசப்பட்டது. கரிசல் காட்டுப் பஞ்சு, தூத்துக்குடியில் ஏறியது. அப்போது சூயஸ் திறக்கவில்லை (அது 1869), ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போக வேண்டும். போர் முடிந்ததும் விலை சரிந்தது, இங்கே கடன் வாங்கிப் பஞ்சு போட்டவன் கதை தனி.

பூச்சுவேலை

எல்லாரும் பாராட்டுறீங்க. படத்தைப் பார்த்தேன். எனக்கு அந்தப் பத்திரிகைக்காரன் சொன்னது சரின்னுதான் படுது. இரும்பும் கண்ணாடியும் போடணும்னா தைரியமா போட வேண்டியதுதானே? நடுவுல நடுவுல குச்சி குச்சியா கல் தூண், அதுல ஆணித்தலை மாதிரி வரிசையா செதுக்கு வேலை, உச்சியில கோபுரக் கொம்பு. பேன்ட் போட்டுக்கிட்டு மேல பஞ்சகச்சம் கட்டின மாதிரி இருக்கு.

பனிமூட்டம்

ஹாஹா. ஆனால் நேரில் வந்து பாருங்கள். அந்தக் கல் தூண்கள் அவ்வளவு மெல்லிசு. எதிர்வரிசைக் கட்டடங்களில் தூண் என்பது யானைக்கால். இவர் அதை விரல் அளவுக்குச் சுருக்கிவிட்டு மிச்சத்தையெல்லாம் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டார். சன்னல் சட்டங்களின் இரும்பு இன்னும் மெல்லிசு.

செம்மண்

கட்டடக்கலை மாணவி. பூச்சுவேலை சொல்வதற்குப் பதில் கட்டடத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. தெருவுக்குக் காட்டும் முகத்தில் எல்லிஸ் கல்லும் கொம்பும் வைத்தார். ஆனால் உள்முற்றத்துப் பக்கம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் உதறிவிட்டார். அங்கே தாங்கும் இரும்புத் தூண்கள் உள்ளே தள்ளி நிற்கின்றன. கண்ணாடிச் சுவர் அவற்றுக்கு வெளியே, தனியாக, மாடி மாடியாகப் படிக்கட்டுப் போல நீண்டு இறங்குகிறது. எடையைத் தாங்குவது ஒன்று, மழையைத் தடுப்பது இன்னொன்று. இன்றைக்கு ஓ.எம்.ஆர். ஐ.டி. கட்டடங்களில் பார்க்கிறோமே, திரைச்சுவர், கர்ட்டன் வால். அதன் மிக ஆரம்பகால உதாரணங்களில் இது ஒன்று என்று எங்கள் பாடத்தில் வரும்.

முன்பக்கம் ஊருக்காக, பின்பக்கம் தனக்காக. வரலாற்றில் பல தடவை இப்படி நடந்திருக்கிறது, புதிய முறையைக் கொல்லைப்புறத்தில்தான் பழகுவார்கள்.

வாசகி

உள்ளே தளம் எப்படி? மரமா?

செம்மண்

மரம் இல்லை. இரும்புத் தூண், இரும்பு உத்தரம், உத்தரங்களுக்கு நடுவே தட்டையான செங்கல் வளைவு. நெருப்புக்குப் பயந்து ஜவுளி மில்களுக்காக உருவான முறை. ஷ்ரூஸ்பரியில் 1797இல் சார்லஸ் பேஜ் கட்டிய ஆளி நூல் மில்தான் முழு இரும்புச் சட்டகத்துக்கு முன்னோடி. எல்லிஸ் செய்தது, மில்லின் எலும்பை எடுத்து அலுவலகத்துக்கு மாட்டியது.

தூத்துக்குடிக்காரன்

நம் மெட்ராஸ் டெரஸ் மாதிரியா?

கொத்தனார்மகன்

இல்லீங்க. எல்லாரும் இதைக் குழப்பிக்கிறாங்க. மெட்ராஸ் டெரஸ்ல தாங்குறது தேக்கு விட்டம். அதுக்கு மேல சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தா, மூலைவாட்டுல சுண்ணாம்புச் சாந்து வச்சு அடுக்கிக்கிட்டே போவாங்க. வளைவே கிடையாது, தட்டை. அதுக்கு மேல செங்கல் ஜல்லி, கடுக்காத் தண்ணி, அடிச்சு அடிச்சு இறுக்கறது. எங்கப்பா பண்ணிப் பார்த்திருக்கேன். அந்தச் செங்கல்லுங்க, அண்ணன்தம்பிங்க ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும்.

இவங்க சொல்றது ஜாக் ஆர்ச். ரெண்டு இரும்பு உத்தரத்துக்கு நடுவுல சின்னதா கமான் வளைப்பாங்க. பழைய ரயில்வே கட்டடங்கள்ல அண்ணாந்து பார்த்தா அலை அலையா தெரியும், அதான்.

அப்புறம் இன்னொண்ணு, "நெருப்புக்குத் தாங்கும்"னு அந்தக் காலத்துல சொன்னதை அப்படியே நம்பக்கூடாது. வார்ப்பிரும்பு எரியாது, சரி. ஆனா சூடேறி நிக்கறப்ப தீயணைப்புக்காரன் தண்ணிய அடிச்சான்னா படார்னு விரிசல் விடும். அதனாலதான் பின்னாடி எஃகைச் சுத்தி செங்கலோ காங்கிரீட்டோ மூட ஆரம்பிச்சாங்க.

பனிமூட்டம்

நெருப்பு என்றதும் ஞாபகம் வந்தது. 1941 மே மாத முதல் வாரம் ஜெர்மானிய விமானங்கள் லிவர்பூலை ஏழு இரவு தொடர்ந்து அடித்தன. ஓரியல் சேம்பர்ஸின் ஒரு பகுதி சிதைந்தது. கிழிந்த இடத்தில் எலும்புக்கூடு வெளியே தெரிந்தது, அதாவது அந்த இரும்புச் சட்டகம். கல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பலர் கண்ணால் கண்டது அப்போதுதான். விழுந்த பகுதியை 1959-61இல் ஜேம்ஸ் அண்ட் பைவாட்டர்ஸ் என்ற நிறுவனம் புதுசாகக் கட்டிச் சேர்த்தது. பழசைப் போலி செய்யாமல் அந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி. வாட்டர் ஸ்ட்ரீட்டில் நின்றால் தையல் தெளிவாகத் தெரியும்.

இப்போது கட்டடம் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில். உள்ளே பாரிஸ்டர்கள் இருக்கிறார்கள்.

வக்கீல்குமாஸ்தா

கிழிகிழி என்று கிழிபட்ட கட்டடத்தில் கடைசியில் வக்கீல்கள். பொருத்தம்தான்.

சரி, சிகாகோ பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது எப்படியும் கொண்டு வருவீர்கள். "ஜான் வெல்பார்ன் ரூட் சின்ன வயதில் லிவர்பூலில் இதைப் பார்த்தார், அதனால்தான் சிகாகோ வானளாவிகள் பிறந்தன" என்று ஒரு கதை. ரூட் பின்னாளில் சிகாகோவில் பேர் வாங்கிய கட்டடக் கலைஞர், 1850இல் ஜார்ஜியாவில் பிறந்தவர். 1864இல் அட்லான்டா விழுந்த பிறகு அவரை அவர் அப்பா இங்கிலாந்துக்கு அனுப்பினார். லிவர்பூலுக்கு அருகே வாலசியில் பள்ளிப் படிப்பு, 1866இல் திரும்பிவிட்டார். இவ்வளவும் சரி. ஆனால் பதினான்கு வயதுப் பையன் ஒரு தெருவில் ஒரு கட்டடத்தைப் பார்த்தான் என்பதிலிருந்து, இருபது வருஷம் கழித்து அவன் கட்டியதெல்லாம் அதன் குழந்தை என்று தாவ முடியாது. "நான் பார்த்தேன்" என்று ரூட் எழுதிய ஒரு வரியை யாராவது காட்டினால் ஏற்றுக்கொள்கிறேன்.

செம்மண்

வரி இல்லை. ஆனால் சூழ்நிலைச் சாட்சியம் என்று ஒன்று உண்டு, குமாஸ்தா சார், உங்களுக்குத் தெரியாததில்லை.

ஒன்று, வாலசி இருப்பது ஆற்றின் அக்கரையில். ஊருக்குள் வர ஃபெர்ரி. இறங்குதுறை வாட்டர் ஸ்ட்ரீட்டின் அடிவாரத்தில். படகிலிருந்து இறங்கி டவுன் ஹால் பக்கம் ஏறுகிற யாரும் அந்த முனையைத் தாண்டியாக வேண்டும். வரைவதில் ஆசை உள்ள பையன், ஊரே பேசிச் சிரிக்கும் புத்தம்புதுக் கட்டடம்.

இரண்டு, சிகாகோவில் ரூட் கட்டிய ரூக்கரி என்ற அலுவலகக் கட்டடம் (1888). நடுவில் வெளிச்ச முற்றம், அதற்குள் வெளியே பிதுங்கித் தொங்கும் ஒரு சுழல்படி, இரும்பும் கண்ணாடியுமாக. இப்போது எல்லிஸின் குக் ஸ்ட்ரீட் 16இன் பின்பக்கத்தைப் பாருங்கள். முற்றத்தில் பிதுங்கித் தொங்கும் சுழல்படி, இரும்பும் கண்ணாடியுமாக! ஓரியல் சேம்பர்ஸைவிட இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

வக்கீல்குமாஸ்தா

சுழல்படி ஒற்றுமை நல்ல புள்ளி. அதை நான் யோசிக்கவில்லை. "பார்த்திருக்க வாய்ப்புண்டு" வரை வருகிறேன். அதற்கு மேல் ஒரு படிகூட ஏற மாட்டேன்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு சாட்சி. அதே ரூட் கட்டிய மொனாட்னாக் (1891) பதினாறு மாடி. அதில் வெளியே பிதுங்கும் சன்னல் வரிசை உண்டு. ஆனால் சுவர் முழுக்கச் செங்கல், அடியில் ஆறடி கனம், எடையைத் தாங்குவதும் அந்தச் சுவர்தான். எல்லிஸின் பாடத்தைப் படித்தவர் அப்படியா கட்டுவார்?

தூத்துக்குடிக்காரன்

ஒரு சின்னத் துணுக்கு. ரூட்டின் அப்பா சிட்னி ரூட், அட்லான்டாவில் கடற்படை மறியலை மீறிச் சரக்குக் கப்பல் விட்ட வணிகர். பையன் இங்கிலாந்துக்கு வந்ததே அப்படிப்பட்ட கப்பல் ஒன்றில்தான். ஆக அவனைக் கொண்டு வந்த காசும், வாட்டர் ஸ்ட்ரீட்டில் அறை தேடிய காசும் ஒரே பஞ்சு மூட்டையிலிருந்து.

பூச்சுவேலை

உலகத்துல முதல் கண்ணாடிக் கட்டடம்னு எங்கயோ போட்டிருந்துச்சே? கிறிஸ்டல் பேலஸ் 1851 இல்லையா?

செம்மண்

"முதல்" என்ற சொல்லை இந்த இழைக்குள் விடாமல் இருந்தால் நிம்மதி. கிறிஸ்டல் பேலஸ் கண்காட்சிக் கூடம், மாடி மாடியாக ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிற இடம் இல்லை. ஷீர்னஸ் கடற்படைத் தளத்தில் 1860இல் முடிந்த படகுக் கிடங்கு ஒன்று உண்டு, காட்ஃப்ரி கிரீன் வடிவமைத்தது. நாலு மாடி, இரும்புச் சட்டகம், நீள நீளமாகச் சன்னல். கட்டமைப்பில் அது எல்லிஸைவிடத் துணிச்சல், வெளியே அலங்காரமே இல்லை. முதல் வானளாவி என்று பலர் சொல்லும் சிகாகோவின் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் 1885, அதை 1931இல் இடித்தும் விட்டார்கள். ஓரியல் சேம்பர்ஸின் தனித்தன்மை முதல் என்பதில் இல்லை. கிடங்குக்கும் கண்காட்சிக்கும் போன முறையை, கோட்டு போட்ட மனிதர்கள் கணக்கெழுதும் நடுத்தெருவுக்குக் கொண்டு வந்ததில் இருக்கிறது. பத்திரிகைக்குக் கோபம் வந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். கிடங்கை யாரும் விமரிசனம் செய்வதில்லை.

நெறியாளர்

பாரிமுனை, மவுண்ட் ரோடு கட்டடங்களைப் பற்றி வந்த நான்கு பதிவுகளைச் சென்னை இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே லிவர்பூல் மட்டும். நன்றி.

கொத்தனார்மகன்

எல்லாரும் கலை, மேதைனு பேசறீங்க. நான் வாடகைக் கணக்கு பேசறேன், ஏன்னா இதைக் கட்டினதே வாடகைக்குத்தான்.

அன்னிக்கு மின்விளக்கு கிடையாது. கேஸ் விளக்கு. அது காத்தைக் குடிச்சு, சூட்டைக் கக்கி, கரிய அப்பும். கணக்கெழுதறவன் நாள்பூரா பொடி எழுத்தைப் பார்க்கணும். சன்னலோர மேசைதான் மேசை, நடு ரூம் மேசை பாதி விலை. ஆக ஒரு கட்டடத்துல எவ்வளவு வெளிச்சம் விழுதோ அவ்வளவு தூரத்துக்குத்தான் நல்ல வாடகை.

லிவர்பூல்ல அந்த வெளிச்சம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டேன். அந்த ஊரு அட்சரேகை 53.4 பாகை. டிசம்பர் 21 உச்சிவேளையில சூரியன் அடிவானத்துல இருந்து 13 பாகைதான் ஏறும். 50 அடி கட்டடத்தோட நிழல் 200 அடிக்கு மேல போகும். கோவென்ட் கார்டன் சந்து அகலம் அதுல ஒரு துளி. பகலே ஏழரை மணி நேரம்தான்.

அப்ப ஒரு வேடிக்கை தெரிஞ்சது. சென்னை அட்சரேகை 13. அதே நாள் உச்சிவேளையில சென்னையில சூரியன் ஏறுறது 53 பாகை சொச்சம். ரெண்டு எண்ணும் இடம் மாறி உக்காந்திருக்கு! நாம வெயிலுக்கு சன்ஷேடு நீட்டறோம், அவன் வெளிச்சத்துக்கு சன்னலை நீட்டறான்.

அப்புறம் வரி. இங்கிலாந்துல 1696லேர்ந்து சன்னலுக்கு வரி. எத்தனை சன்னலோ அத்தனைக்கு. பல பேர் சன்னலை செங்கல் வச்சு அடைச்சே இருந்தாங்க. கண்ணாடிக்கும் தனியா கலால் வரி. கண்ணாடி வரி 1845ல போச்சு, சன்னல் வரி 1851ல போச்சு. அதுக்கு முன்னாடி எல்லிஸ் இந்தப் படத்தைக் கொண்டு போயிருந்தா முதலாளி "ஏம்ப்பா, என்னை வரி கட்டியே சாகச் சொல்றியா"னு துரத்தியிருப்பான். பதிமூணு வருஷம் கழிச்சு அதே படம் லாபக் கணக்கு.

இவ்வளவையும் கூட்டினா எல்லிஸ் காலத்துக்கு முந்தி பிறந்தவரா தெரியல. சரியா காலத்துக்குள்ள நின்னு கணக்குப் போட்டவரா தெரியறார். அந்தப் பத்திரிகைக்காரன்தான் பழைய வரி ரசீதை இன்னும் பையில வச்சிருந்தான்.

பனிமூட்டம்

இந்தப் பதிவுக்கு நூறு விருப்பம். சன்னல் வரியையும் இந்தக் கட்டடத்தையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

இழையின் தலைப்பைக் கேள்வியாக மாற்றிவிட்டேன். முதலில் "திட்டிக் கொல்லப்பட்ட மேதை" என்று வைத்திருந்தேன், பழைய பதிவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், குமாஸ்தா சார். அறுபது வயது என்பது உங்களுக்கு அவருக்குக் காயம் படவில்லை என்பதற்கு ஆதாரமாகத் தெரிகிறது. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அறுபது வயதில் வாழ்நாளின் துணிச்சலான வேலையைச் செய்துவிட்டு, அதைக் குமிழி என்று அச்சில் படிப்பது வலிக்காதா? வலித்தது, இருந்தும் லிஃப்ட் செய்தார். இரண்டும் சேர்ந்தே இருக்கலாமே.

வக்கீல்குமாஸ்தா

இருக்கலாம். அதை மறுக்க என்னிடம் ஆவணம் இல்லை, நிரூபிக்க உங்களிடமும் இல்லை. வாய்தா.

வாசகி

அடுத்த மாதம் மான்செஸ்டர் வருகிறேன், ஒரு நாள் லிவர்பூல் வரலாம் என்றிருக்கிறேன். இதை எங்கே நின்று பார்ப்பது நல்லது? உள்ளே விடுவார்களா?

பனிமூட்டம்

உள்ளே அலுவலகங்கள், சும்மா விடமாட்டார்கள். உள்முற்றம் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள், எனக்கு ஒரு தடவை கதவைத் திறந்த புண்ணியவான் ஐந்து நிமிஷம் கொடுத்தார்.

வாட்டர் ஸ்ட்ரீட்டில் எதிர்ப் பக்க நடைபாதையில் முதலில் நில்லுங்கள், மொத்த உருவமும் தெரியும். பிறகு கோவென்ட் கார்டன் சந்துக்குள் போய்ச் சுவரோரமாக நின்று நேரே மேலே அண்ணாந்து பாருங்கள். சன்னல்களின் அடிவயிறு ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். டவுன் ஹால் பக்கம் ஏறினால் குக் ஸ்ட்ரீட் 16 சில நிமிஷ நடை. அதன் முகப்பு மிகக் குறுகல், தாண்டிப் போய்விடாதீர்கள்.

போன வாரம் மூன்றரை மணிக்கு அந்தச் சந்தில் நின்றேன். சந்து இருட்டிவிட்டது. எதிர்ப்பக்கச் சன்னல்களில் எல்லாம் டியூப் லைட். ஓரியலில் இரண்டாம் மாடியில் ஒருவர் விளக்குப் போடாமல் சன்னல் கூட்டுக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டுக் காகிதம் படித்துக்கொண்டிருந்தார்.

பூச்சுவேலை

அதெல்லாம் சரி. அவ்வளவு கண்ணாடியையும் யார் துடைக்கிறது? அந்தக் காலத்து நிலக்கரிப் புகையில வாரம் ஒரு தடவை துடைக்கலேன்னா உங்க வெளிச்சக் கணக்கெல்லாம் கரிதானே?

கொத்தனார்மகன்

அட, இது நல்ல கேள்வி. மேல்பக்கம் வேற சரிவா இருக்கு, அழுக்கு அங்கதான் முதல்ல உக்காரும். பனிமூட்டம் சார், இப்ப எப்படித் துடைக்கிறாங்கனு பார்த்துச் சொல்லுங்களேன்.

பனிமூட்டம்

நீளமான கம்பு, நுனியில் பிரஷ், அதற்குள்ளேயே தண்ணீர்க் குழாய். ஆள் நடைபாதையில் நின்றபடியே தேய்க்கிறார். நான் பார்த்த அன்று பாதித் தண்ணீர் என் மேல்தான் விழுந்தது.